உங்களுக்குத் தெரியுமா? கொங்கர் என்னும் ராட்சத விலாங்கு

விலாங்கு இனங்களிலேயே எடையில் முதலிடம் ஐரோப்பியக் கொங்கருக்குத்தான். நன்கு வளர்ந்த பெண் மீன் 2 மீட்டரைத் தாண்டும். ஆண் மிகச் சிறியது. 1995-இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில், பெர்ரி ஹெட் முனைக்கு அப்பால் தூண்டிலில் சிக்கிய ஒன்றின் எடை 60 கிலோவுக்கும் மேல்!

இதன் உடலில் செதில்களே கிடையாது. முதுகு, வால், அடித் துடுப்புகள் மூன்றும் ஒன்றாக இணைந்திருக்கும். பகலெல்லாம் பாறை இடுக்கிலோ, மூழ்கிய கப்பலின் பொந்திலோ தலையை மட்டும் நீட்டியபடி கிடக்கும். இருட்டியதும் வேட்டைக்குக் கிளம்பும். மீன், நண்டு, கணவாய், ஆக்டோபஸ் என எதையும் விட்டுவைக்காது.

வாழ்நாளில் ஒரே முறைதான் இனப்பெருக்கம். பருவமெய்த 5 முதல் 15 ஆண்டுகள் ஆகும். அதன்பின் இரை எடுப்பதையே நிறுத்திவிட்டு ஆழ்கடலை நோக்கிப் பயணப்படும். குடல் சுருங்கும், பற்கள் உதிரும், எலும்புகளின் சுண்ணாம்புச் சத்தும் கரையும். உடலில் சேர்த்து வைத்ததெல்லாம் முட்டைகளுக்கே போய்ச் சேரும். பெண் மீன் பல லட்சம் முட்டைகளை இட்டுவிட்டு இறந்துபோகும்.

முட்டையிலிருந்து வரும் இளம் உயிரி தாயைப்போல் துளியும் இருக்காது. ஒளி ஊடுருவும் உடல், இலை போன்ற தட்டை வடிவம்! 18-ஆம் நூற்றாண்டில் வேல்ஸின் ஹோலிஹெட் அருகே இது கிடைத்தபோது, 'லெப்டோசெஃபாலஸ்' என்ற தனி மீனினமாகவே பதிவு செய்தார்கள். 1886-இல் பிரான்சின் ராஸ்காஃப் கடலாய்வு நிலையத்தில், ஈவ் தெலாஜ் என்ற விஞ்ஞானி இந்த உயிரியைத் தொட்டியில் வளர்த்துப் பார்த்தார். அவர் கண்ணெதிரிலேயே அது கொங்கர் விலாங்காக உருமாறியது. இந்த உருமாற்றத்தின்போது அதன் உடல் வளர்வதில்லை, நீளத்தில் குறுகிவிடுகிறது!