முற்றுகை – 9: வேலூருக்குப் போன அரிசி

திருப்பதி தரிசனம் முடித்துச் சந்திரகிரிக்கு வருகிறவர்கள் ராஜ மகாலையும் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். பின்னால் சுமார் 180 மீட்டர் உயர்ந்து நிற்கும் பாறையையும் மதிலுக்குள் இருக்கும் குளங்களையும் கொஞ்சம் நின்று பாருங்கள். பீரங்கி துளைக்க முடியாத கோட்டையையும் பசியும் தாகமும் திறந்துவிடும் என்பது கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

1758இல் இந்தக் கோட்டை ஆற்காட்டு நவாப் முகம்மது அலியின் சகோதரர் அப்துல் வகாப் கானிடம் இருந்தது. கோட்டை தன் கையில் இருந்ததாலேயே திருப்பதிக்கும் தானே காவலர் என்றார் அவர். 1782இல் அது மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலியிடம் சரணடைந்தது. அப்போது இந்தச் சீமை முழுவதும் எப்படிக் கிடந்தது என்று தெரிந்தால்தான் அந்தச் சரணாகதி புரியும்.

1780 ஜூலையில் ஹைதர் பெரும்படையோடு கணவாய் இறங்கினார். ஒவ்வொரு மதிலையும் இடித்துக்கொண்டிருக்க அவருக்கு அவசியமில்லை. ஊர்கள் எரிந்தன, விளைச்சல் அழிந்தது, மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. வேலூர்க் கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் லாங்கின் படை மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தது. கம்பெனியின் சென்னைப் படைச் சிப்பாய்கள் மனைவி மக்களோடு வாழ்கிறவர்கள். படி அரிசி குறைந்தால் ஒரு குடும்பத்துக்கே வயிறு காயும். அந்தப் பெண்கள், பிள்ளைகள் ஒருவர் பெயரையும் யாரும் எழுதிவைக்கவில்லை. லாங்கின் பெயர் மட்டும் நின்றது. எனக்கு இது ஆறாத குறை.

வேலூரைக் காப்பாற்றக் கம்பெனித் தளபதி ஐர் கூட் செய்ததெல்லாம் அரிசி சுமந்து போனதுதான். 1781 நவம்பரில் ஒருமுறை போனார். தானியத்துக்கு அலைந்த அவருடைய படை அதே மாதம் சித்தூர்க் கோட்டையையும் பிடித்தது. 1782 ஜனவரியில் மறுபடி கிளம்பியபோது வழியிலேயே அவரைப் பக்கவாதம் தாக்கியது. பல்லக்கில் படுத்தபடியே படையை நடத்தினார். கோட்டைக்குள் இருப்பு தீரும் தறுவாயில் மூட்டைகள் போய்ச் சேர்ந்தன. வேலூர் பிழைத்தது. அந்த அரிசி சந்திரகிரிக்குப் போகவில்லை.

முற்றுகையிட்டவரும் நிலைக்கவில்லை. ராஜபிளவையால் அவதிப்பட்ட ஹைதர் 1782 டிசம்பர் 7 அன்று சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் இறந்தார். அவருடைய மகன் திப்பு அப்போது மலபார்ப் பக்கம் இருந்தார். அவர் வந்து சேரும்வரை படை கலையக் கூடாது என்று சாவையே மறைத்தார்கள். உடலைப் பெட்டியில் வைத்து, கஜானா போவதுபோலக் கோலாருக்கு அனுப்பினார்கள்.

நெல்லை இழந்த கிராமத்தார் என்ன ஆனார்கள்? கால்நடையாகவே சென்னைக்குப் போனார்கள். அங்கும் பஞ்சம். அவர்களுக்காக 1782இல் தொடங்கிய கஞ்சித்தொட்டிதான் பிற்பாடு மணியக்காரர் சத்திரம் ஆனது. அதன் மருத்துவப் பணியிலிருந்து வளர்ந்ததே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. சந்திரகிரியோ 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கை வரை மைசூர் வசமே இருந்தது.

அடுத்த வாரம்: 1791, குர்ரம்கொண்டா.