மலையில் வெட்டும் மண்ணுக்கு யார் பொறுப்பு?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதைத் தொடர்ந்து அதே மாவட்டத்தின் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்து சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை விசாரணைக்கு எடுத்தது. சாலை வேண்டும் என்ற மலைவாழ் மக்களின் நெடுநாள் கோரிக்கை நீதிமன்றம் வரை ஒலித்தது. சாலையும் பள்ளியும் வீடும் அவர்களுக்கு வந்தே தீர வேண்டும். அவற்றுக்காக வெட்டப்படும் மண் என்னவாகும் என்பதையும் இப்போதே கேட்க வேண்டும்.

மண் எங்கே போகிறது?

சரிவை ஜேசிபி வெட்டியதும் வேர்ப்பிடிப்பு அறுந்து, மண் செங்குத்துச் சுவராக நிற்கும். தோண்டிய மண்ணைப் பெரும்பாலும் பள்ளத்தின் விளிம்பிலேயே தள்ளிவிடுவார்கள். ஒரு கனமழை போதும், அது ஓடையில் இறங்கிவிடும். கல்வராயன் மலை ஓடைகள்தான் கச்சிராயபாளையம் அருகிலுள்ள 46 அடி கோமுகி அணையை நிரப்புகின்றன. அங்கே வண்டல் படியப் படியக் கொள்ளளவு குறையும். நஷ்டம் கீழே பாசனத்தை நம்பியிருக்கும் விவசாயிக்குத்தான்.

விதிகள் இல்லையா?

இருக்கின்றன. மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமத்தைத் தமிழக அரசு 1990-ல் அமைத்தது. நீலகிரியில் ஜேசிபி, பொக்லைன் இயக்கவே மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை. 2009 நவம்பர் மண்சரிவுகளில் அம்மாவட்டம் 40-க்கும் மேற்பட்டோரை இழந்தது. அப்படியும் 2024 பிப்ரவரியில் உதகை அருகே லவ்டேலில், தடுப்புச் சுவர் வேலையின்போது மேலிருந்த பழைய கட்டடம் சரிந்து 6 பெண் தொழிலாளர்கள் மண்ணுக்குள் மாண்டார்கள். விதி ஏட்டில் இருந்தால் மட்டும் உயிர் பிழைக்காது.

ஓட்டை எங்கே?

20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு, 2006-ம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். மேல்மண்ணைச் சேமித்து வைக்க வேண்டும் என்பது அதில் வழக்கமாக வரும் நிபந்தனை. சிறிய கட்டடங்கள் அந்த வலையில் சிக்குவதில்லை. அவற்றைக் கவனிக்க வேண்டியது உள்ளாட்சியும் மாவட்ட நிர்வாகமும்தான். வரைபடத்துக்கு ஒப்புதல் தருவதோடு அவர்கள் கடமை முடிந்துவிடாது. மண் வெட்டும் நாளிலும் மழைக்கு முன்பும் களத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

இப்படிக் கண்டிப்பு காட்டும் ஊரும் உண்டு. நம் தொழிலாளர்கள் ஏராளமாக வேலை பார்க்கும் சிங்கப்பூரில், கட்டுமானத் தளத்திலிருந்து வடிகாலுக்குப் போகும் நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மண்துகள் இருக்கக் கூடாது. மண் தடுப்பு ஏற்பாட்டைத் தகுதிபெற்ற நிபுணர் வடிவமைக்க வேண்டும்; மீறினால் அபராதம்.

என்ன செய்யலாம்?

பெரிய செலவு வேண்டாம். மழைக்காலத்தில் சரிவை வெட்டாமல் தள்ளிவைக்கலாம். வெட்டிய மண்ணைத் தார்ப்பாயால் மூடி, கீழ்ப்புறம் மண் மூட்டை அடுக்கலாம். தடுப்புச் சுவரில் நீர் வெளியேறக் குழாய்த் துளை விடாவிட்டால், பின்னால் தேங்கும் நீரே சுவரைத் தள்ளிவிடும். வெட்டிய சரிவில் வெட்டிவேர் நடலாம்.

இவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதி, வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஊராட்சி ஒன்றியப் பொறியாளர் நேரில் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே ஒப்பந்ததாரருக்குப் பணம் தர வேண்டும். இத்தனை ஆண்டுகள் காத்திருந்த மக்களுக்கு, மழைக்குத் தாங்கும் சாலையைத் தருவதே நியாயம்.