ஹார்பின் நகரத்துப் பின்பனி

பண்டைத் தமிழர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்து, மாசியையும் பங்குனியையும் பின்பனிக் காலம் என்றனர். அவர்கள் அறிந்த பனி, புல் நுனியிலே தங்கிக் கதிரவன் எழுந்ததும் மறைவது. ஆற்றையே கல்லாக்கிவிடும் பனியைக் காண விரும்புவோர், அதே திங்கள்களில் சீனாவின் வடகிழக்கிலுள்ள ஹார்பின் நகருக்குச் செல்லுதல் வேண்டும்.

1898ஆம் ஆண்டில் ருஷ்யர் புகையிரதப் பாதை அமைக்கத் தொடங்கியபோது, சுங்காரி ஆற்றங்கரையிலே வளர்ந்த நகரம் இது. 1932இல் நிறைவுற்ற புனித சோபியா தேவாலயத்தின் பச்சைக் குவிமாடம் இன்றும் அக்காலத்தை நினைவூட்டுகின்றது. இத்தாலியின் வெனிஸ் நகரும் ஹார்பினும் ஏறக்குறைய ஒரே அகலக்கோட்டில் உள்ளன. ஆயினும், வெனிஸின் கால்வாய்களில் ஓடங்கள் செல்லும் ஜனவரியில், ஹார்பினின் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 18 பாகை. காரணம் யாது? வெனிஸுக்குக் கடல் வெப்பம் தருகின்றது. அல்ப்ஸ் மலை வடகாற்றைத் தடுக்கின்றது. ஹார்பினுக்கோ சைபீரியப் பெருநிலத்திற் குளிர்ந்து கனத்த காற்றுத் தடையின்றி வந்து சேர்கின்றது.

அக்குளிரையே மக்கள் செல்வமாக்கிக் கொண்டனர். வாளியில் நீரை உறையவைத்து, உறையாத நடுநீரைக் கொட்டி, உள்ளே விளக்கேற்றுவது அங்குள்ள பழைய வழக்கம். 1963இல் சாவோலின் பூங்காவில் இத்தகைய விளக்குகளின் காட்சி தொடங்கியது. 1985 முதல் அது பெருவிழாவாயிற்று. டிசம்பரில் ஆற்றுப் பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்தெடுத்து, மாளிகைகளும் கோபுரங்களும் எழுப்புகின்றனர். பாளங்களுக்கிடையே ஊற்றும் நீரே உறைந்து சாந்தாகின்றது.

பெப்ரவரி இறுதியில் இக்காட்சி மாறுகின்றது. இரவில் கடுங்குளிர் நீடித்தாலும் நண்பகல் வெயில் வலுக்கின்றது. சிற்பங்களின் கூரிய விளிம்புகள் முதலில் மழுங்குகின்றன. பின்னர் அவற்றின் தெளிவு மங்குகின்றது.

பயணிகள் அஞ்சவேண்டியது ஆற்றையே. வெயிலின் ஒளி பனிக்கட்டிக்குள் ஊடுருவி, பளிங்குகள் ஒன்றோடொன்று பொருந்திய இடங்களை உருக்குகின்றது. அதனால் தடிப்பு அதிகம் குறையாமலே உறுதி குறைந்துவிடுகின்றது. மேற்பரப்பு முன்போலவே தோன்றினும், காலடி பட்டதும் அது நெடிய குச்சிகளின் கட்டு அவிழ்வதுபோலப் பிரிந்துவிடக்கூடும். தையில் பெரும் பாரத்தைத் தாங்கிய ஆறு, பங்குனியில் ஒரு சிறுவனையும் தாங்காது போகலாம்.

நண்பகல் இளவெப்பத்தை நம்பி மேலங்கியைக் களைவதும் தவறு. அந்நகரத்தார் அவ்வாறு ஏமாறுவதில்லை. அக்டோபர் 20ஆம் நாள் தொடங்கும் வீடுகளுக்கான வெப்ப வழங்கல் ஏப்ரல் 20ஆம் நாள் வரை நடைபெறுகின்றது.

பனி மாளிகைகளைக் காண விழைவோர் பெப்ரவரி நடுப்பகுதிக்குள் செல்வது நன்று. சுங்காரியின் பனிக்கட்டி உடைந்து மிதந்து செல்லும் காட்சியைக் காண விழைவோர் ஏப்ரலிற் செல்லலாம். ஆனால், அதனைக் கரையில் நின்றே காணுதல் வேண்டும்.