உலகத்தை வெட்டித் தின்ற இருவர்!

யுத்தத்தைச் சாடிய கேலிச்சித்திரங்கள்

சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி வடக்கே போகிறது வால்டாக்ஸ் ரோடு. அதில் சிறிது தூரம் நடந்தால் யானைக்கவுனி வரும்.

யானை இல்லை. கவுனியும் இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது.

கவுனி என்றால் மதில் சூழ்ந்த ஊரின் வாசல். ஒரு காலத்தில் இங்கே பெரிய மதில் இருந்தது. அதன் வாசல்களில் ஒன்றுதான் யானைக்கவுனி.

அந்த மதில் எழுந்த கதைக்கும், லண்டனில் வெளியான ஒரு கேலிச்சித்திரத்துக்கும் தொடர்பு உண்டு. எப்படி என்று பார்ப்போம்.

கைமாறிய சென்னை

அந்நாளில் இரண்டு வல்லரசுகள் ஒன்றோடு ஒன்று மோதிக்கொண்டிருந்தன. ஒன்று இங்கிலாந்து. மற்றொன்று பிரான்சு. அவர்கள் ஐரோப்பாவில் சண்டை போட்டால், சென்னையில் குண்டு விழும்!

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். 1748-ல் சமாதானம் ஏற்பட்டது. கனடாவில் தான் பிடித்து வைத்திருந்த லூயிபர்க் கோட்டையை இங்கிலாந்து திருப்பிக் கொடுத்தது. பதிலுக்குப் பிரான்சு சென்னையைத் திருப்பிக் கொடுத்தது. பண்டமாற்று! சென்னை மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1758 டிசம்பரில் பிரெஞ்சுப் படை மறுபடியும் வந்து முற்றுகை இட்டது. அதன் பிறகு ஹைதர் அலியின் குதிரைப்படை வந்தது. பயந்துபோன கிழக்கிந்தியக் கம்பெனியார், இன்றைய ஜார்ஜ் டவுனைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். செலவுக்கு ஊராரிடம் வரி வாங்கத் திட்டமிட்டார்கள். "வால்" என்றால் சுவர். "டாக்ஸ்" என்றால் வரி. ரோட்டின் பெயருக்குக் காரணம் இதுதான்.

சண்டை துரைமார்களுடையது. வரி ஊராருக்கு!

மேஜை மேல் உலகம்

இதே இரண்டு வல்லரசுகளையும் ஒரே படத்தில் கேலி செய்தார், ஜேம்ஸ் கில்ரே என்ற ஆங்கில ஓவியர். 1805-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அந்தப் படம் வெளிவந்தது.

ஒரு சாப்பாட்டு மேஜை. எதிரெதிரே இருவர். ஒருவர் இங்கிலாந்துப் பிரதமர் பிட். ஒல்லியாக, நெட்டையாக இருக்கிறார். மற்றவர் பிரான்சின் சக்கரவர்த்தி நெப்போலியன். குட்டையான உருவம். தட்டில் ஆவி பறக்கும் உருண்டைப் பலகாரம். உற்றுப் பார்த்தால், அது பலகாரம் அல்ல, பூமி உருண்டை! நெப்போலியன் வாளால் ஐரோப்பாவை வெட்டுகிறார். பிட் கடல் பக்கத்தை அறுத்துக்கொள்கிறார்.

லண்டனில் இத்தகைய படங்களைக் கடை ஜன்னலில் மாட்டி வைப்பார்கள். தெருவில் போகிறவர்கள் கூட்டமாக நின்று பார்ப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் விஷயம் விளங்கிவிடும். கேலிச்சித்திரத்தின் பலமே அதுதான். ராஜதந்திரம் என்று பெரிய பெயர் சூட்டிய காரியத்தை, "இது வெறும் சாப்பாட்டு ஆசை" என்று காட்டிவிடுகிறது.

பாரதியாரின் கேடயம்

இந்தக் கலையைத் தமிழ்ப் பத்திரிகையில் முன்னோடியாகப் புகுத்தியவர் யார் தெரியுமா? மகாகவி பாரதியார்!

சென்னையில் 1906-ல் தொடங்கிய "இந்தியா" வாரப் பத்திரிகையில், ஆங்கில ஆட்சியைச் சாடும் படங்களை அவர் வெளியிட்டார். 1908-ல் அரசின் அடக்குமுறை பாய்ந்தது. ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் சிறை சென்றார். பாரதியார் புதுச்சேரிக்குப் போனார். அது பிரெஞ்சுக்காரர்களின் ஊர். ஆங்கிலப் போலீஸ் அங்கே கை வைக்க முடியாது. பத்திரிகை அங்கிருந்து வெளிவந்தது.

எந்த இரண்டு வல்லரசுகளின் போட்டியால் சென்னை அவதிப்பட்டதோ, அவற்றின் எல்லைக்கோட்டையே பாரதியார் கேடயம் ஆக்கிக்கொண்டார். அது நெடுநாள் காக்கவில்லை. ஆங்கில அரசு தன் எல்லைக்குள் பத்திரிகையை நுழைய விடாமல் தடுத்தது. 1910-ல் "இந்தியா" நின்றது.

பாரதியார் புதுச்சேரியில் இருந்தபோதே உலக யுத்தம் மூண்டது. 1914 செப்டம்பர் 22-ம் தேதி இரவு, ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஏராளமானோர் ஊரை விட்டு ஓடினார்கள். கெட்டிக்காரனை "சரியான எம்டன்" என்று இன்றும் சொல்கிறோம் அல்லவா? அந்த இரவு தந்த சொல் அது.

குண்டின் மேல் ஆசனம்

பிறகு வல்லரசுகள் மாறின. அமெரிக்கா ஒரு பக்கம், ருஷ்யா மறு பக்கம். 1962 அக்டோபரில், கியூபா என்ற சிறிய தீவில் ருஷ்யா ஏவுகணைகளை வைத்ததால் உலகமே நடுங்கியது. ஆபத்து விலகிய மறுநாள், இல்லிங்வொர்த் என்பவர் வரைந்த படம் லண்டன் "டெய்லி மெயில்" பத்திரிகையில் வந்தது.

மறுபடியும் ஒரு மேஜை. மறுபடியும் இருவர். கென்னடியும் குருஷேவும் முழங்கை ஊன்றிக் கைப்பலம் பார்க்கிறார்கள். இருவரும் உட்கார்ந்திருப்பது நாற்காலியில் அல்ல, ஹைட்ரஜன் குண்டின் மேல்! மற்றொரு கை, குண்டை வெடிக்கச் செய்யும் பொத்தானின் மேல். யார் ஜெயித்தாலும் இருவரும் சாம்பல்தான்.

மூன்றாவது ஆள்

இந்த இரண்டு படங்களிலும் ஓர் ஆள் குறைகிறார். வெட்டப்படும் பூமியில் குடியிருப்பவர் எங்கே? குண்டு வெடித்தால் சாகப் போகிறவர் எங்கே?

அந்த மூன்றாவது ஆளை நம் நாட்டில் வரைந்தவர் ஆர்.கே. லட்சுமணன். வேட்டி, கட்டம் போட்ட கோட்டு, மூக்குக் கண்ணாடி. அவர்தான் "சாமானியன்". 1951 முதல் பல ஆண்டுகள் பத்திரிகையில் வந்தார். தலைவர்கள் பேசுவார்கள். அவர் வாய் திறக்க மாட்டார். ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்ப்பார்.

இனி யுத்தத்தைப் பற்றிய கேலிச்சித்திரம் கண்ணில் பட்டால், குழந்தைகளை அருகே உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். "சண்டை போடுகிறவர்கள் யார்? செலவு யார் தலையில்?" என்று கேளுங்கள்.

அந்தப் பழைய மதிலின் ஒரு துண்டு, பழைய ஜெயில் ரோட்டுப் பக்கம் இன்னும் நிற்கிறது. மேலே பூங்கா அமைத்ததால் அதற்கு "மாடிப்பூங்கா" என்று பெயர். ஒரு நாள் அதையும் குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.