மண்ணுயிர்களுக்குப் பெயரிடுதல்

கோடை மழையின் முதல் துளிகள் நிலத்தில் விழுந்ததும் எழும் மண்வாசனையை அறியாதார் இலர். அவ்வாசனைக்குப் பெரிதும் காரணமானவை மண்ணில் வாழும் ஸ்ரெப்ரோமைசிசு என்னும் பற்றீரியாக்களே. ஒரு கிராம் மண்ணிற் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் உள. அவற்றுள் ஒன்றைப் புதிய இனமென விஞ்ஞானிகள் எவ்வாறு துணிகின்றனர்?

முதலில் மண்ணை நீரிற் கலந்து, பன்மடங்கு ஐதாக்கி, ஏகார் ஊடகத்தில் இடுவர். தனியோர் உயிரிலிருந்து பெருகிய கூட்டம் சிறு புள்ளியாகத் தோன்றும். அதனைப் பிரித்து வளர்த்து, அதன் வடிவம், நிறம், உண்ணும் உணவு, தாங்கும் வெப்பம் ஆகியவற்றை ஆராய்வர். ஆயினும் தோற்றம் ஏமாற்றுவதுண்டு. ஸ்ரெப்ரோமைசிசு இழைகளாய் வளர்ந்து வித்திகளை உண்டாக்குவதால், அதனைப் பங்கசு என்றே பலர் நெடுங்காலம் மயங்கினர். பங்கசைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அதன் பெயரின் ஈற்றில் இன்றும் நிற்கின்றது.

1943 ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், செல்மன் வக்ஸ்மனின் ஆய்வுகூடத்தில் அல்பேர்ட் சாட்ஸ் என்னும் மாணவர், எருவிட்ட வயல் மண்ணிலிருந்து ஒரு பற்றீரியத்தைப் பிரித்தெடுத்தார். கசநோய்க் கிருமியை அடக்கும் ஸ்ரெப்ரோமைசின் அதிலிருந்தே கிடைத்தது. பண்புகளை ஒப்பிட்டபோது, அது முன்னரே அறியப்பட்ட ஸ்ரெப்ரோமைசிசு கிரீசியசு என்னும் இனமெனக் கண்டனர். ஆனால் அவ்வினத்தின் எல்லா வளர்ப்புகளும் அம்மருந்தைத் தருவதில்லை. ஆகவே, பெயரை எழுதிவைத்தல் மட்டும் போதாது. பெயருக்குரிய உயிரையும் பேணல் வேண்டும்.

இக்காரணத்தால், புதிய இனத்தை அறிவிப்போர் அதன் மாதிரி வளர்ப்பை இரு வேறு நாடுகளிலுள்ள சேகரிப்பு நிலையங்களில் ஒப்படைத்தல் இன்று விதியாகும். உறவை அறியும் வழியும் மாறிவிட்டது. கார்ல் வோஸ் 1970களில் இறைபோசோம் ஆர்.என்.ஏ.யை ஒப்பிட்டு உயிர்களின் உறவைக் காட்டினார். இப்பொழுது முழு டி.என்.ஏ.யையும் ஒப்பிடுவர். ஒற்றுமை நூற்றுக்கு ஏறத்தாழ 95 இற்குக் குறையின், வேறினமென்பர்.

எனினும், மண்ணிலுள்ள பற்றீரியாக்களுட் பெரும்பாலானவை ஆய்வுகூடத்தில் வளர மறுக்கின்றன. அவற்றை மண்ணிலேயே வைத்து வளர்க்கும் கருவியொன்றின் துணையால், ரெயிக்ஸோபக்ரின் என்னும் கிருமிகொல்லி கண்டறியப்பட்டு 2015 இல் அறிவிக்கப்பட்டது. பழைய மருந்துகளுக்கு அடங்காத நோய்க்கிருமிகள் பெருகிவரும் காலமிது. பெயரறியாத மண்ணுயிர் ஒன்றினிடத்தே நாளைய நோயாளியின் உயிர்காக்கும் மருந்து இருத்தல் கூடும்.