கைவிடும் வேளை

கோணேசர் கோயிலுக்குச் செல்லும் அன்பர்கள் பிரெட்ரிக் கோட்டை வாயிலைக் கடந்தே செல்கின்றனர். போர்த்துக்கேயர் 1624இல் எழுப்பி, பின் பலர் கைமாறிய கோட்டை அது. நட்பையும் துரோகத்தையும் பற்றிச் சிந்திக்க அதனினும் தக்க இடம் அரிது.

'டிப்ளோமசி' என்றொரு பலகை விளையாட்டு உண்டு. அமெரிக்கரான அலன் கலமர் 1959இல் வெளியிட்டது. முதலாம் உலகப் போருக்கு முந்திய ஐரோப்பாவின் ஏழு வல்லரசுகளை எழுவர் ஆடுவர். தனித்துப் பேசி உடன்படுவர். ஆணைகளை மறைவாக எழுதி ஒருங்கே வெளியிடுவர். வாக்கைக் காக்கவேண்டும் என்ற விதி மட்டும் அதில் இல்லை. துணைவனைக் கைவிடுவது எப்போது என்பதே ஆட்டத்தின் உயிர்நாடி. துணை இனி வேண்டாதபோது, அவன் திருப்பி அடிக்க இயலாதபோது, அந்த ஓர் அடியிலேயே ஆட்டம் முடியும்போது என்பர் தேர்ந்தோர்.

இவ்வாட்டம் நம் நாட்டில் மெய்யாகவே ஆடப்பட்டது. 1638இல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன், போர்த்துக்கேயரை ஓட்ட ஒல்லாந்தருடன் உடன்படிக்கை செய்தான். பிடிபடும் கோட்டைகளில், மன்னன் விரும்பினால், ஒல்லாந்தர் காவல் வைக்கலாம். 'மன்னன் விரும்பினால்' என்ற சொற்களோ ஒல்லாந்தரின் படியில் இல்லை! 1639இல் திருகோணமலையைப் பிடித்தனர். மறு ஆண்டே மன்னனிடம் ஒப்படைத்தனர். ஆனால் அதே 1640இல் பிடித்த காலியை விடவில்லை. கறுவா விளைவது அப்பக்கத்தில் அல்லவா? 1656இல் கொழும்பு பணிந்ததும், துணைநின்ற மன்னனுக்கே நகர வாயிலை அடைத்தனர்.

முதல் இரண்டு கணக்கும் சரியாகவே இருந்தன. மூன்றாவதுதான் பிழைத்தது, ஆட்டம் முடியவில்லை. மலைநாட்டுக்குத் திரும்பிய மன்னன் வேறு துணை தேடினான். 1665இல் ஒல்லாந்தர் மீண்டும் கைக்கொண்ட இதே துறைமுகத்துக்கு, 1672இல் மன்னனின் இசைவுடன் பிரெஞ்சுக்காரர் வந்தனர். அவர்களை ஒல்லாந்தர் விரட்டினர். எனினும் பகை தலைமுறை கடந்து நின்றது. 1762இல் சென்னையிலிருந்து ஆங்கிலத் தூதர் ஜோன் பைபஸ் திருகோணமலை வழியாகவே கண்டி சென்றார். 1795இல் ஆங்கிலேயர் இக்கோட்டையை முற்றுகையிட்டபோது, ஒல்லாந்தருக்காகக் கண்டியிலிருந்து எவரும் வரவில்லை.

பலகையில் 34 மையங்களுள் 18 கைவந்தால் வெற்றி. காய்களைப் பெட்டியிலிட்டு, தோற்றவனும் வென்றவனும் ஒன்றாகத் தேநீர் அருந்தலாம். நாடுகளுக்கு அப்படியொரு பெட்டி இல்லை. ஆசிரியர்களே, மாணவர்கள் இவ்விளையாட்டை ஆடட்டும்; கூர்மதி வளரும். ஆடி முடித்தபின் ஒருமுறை அவர்களை அக்கோட்டை வாயிலுக்கும் அழைத்துச் செல்லுங்கள்.