கோடைப் பயிற்சியும் பட்டண வாழ்வும்

‘கெட்டும் பட்டணம் சேர்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. பொருளிழந்தவனும் நகரத்தை அடைந்தால் பிழைத்துக்கொள்வான் என்பது அதன் கருத்து. கையிற் பொருளின்றியே நகரஞ் சேரும் கூட்டம் ஒன்று இக்காலத்தில் ஆண்டுதோறும் சித்திரை, வைகாசித் திங்கள்களிற் சென்னைக்குப் புறப்படுகின்றது. கோடைப் பயிற்சி பெறச் செல்லும் கல்லூரி மாணவரே அக்கூட்டத்தினர். அவருட் பலர்க்கு ஊதியமில்லை. சிலர்க்கு வழிச்செலவு மட்டுங் கிடைக்கும். பயிற்சி தரும் அலுவலகம் வேலையைக் கற்பிக்கும். எங்கே உண்பது, எதைப் பருகுவது, ஓய்ந்த பொழுதை எவ்விடத்துக் கழிப்பது என்பனவற்றைக் கற்பிப்பார் இலர். சென்ற கோடையில் எட்டு வாரம் அந்நகரில் தங்கிய யான், அங்குக் கற்றவற்றைப் பின்வரும் மாணவர்க்குப் பயன்படுமாறு ஈண்டு எழுதத் துணிந்தேன்.

எனது ஊர் விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்திலுள்ள குயிலாப்பாளையம். செம்மண் நிலமும் முந்திரித் தோப்புகளும் உடைய சிற்றூர். 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், எங்கள் ஊரையடுத்து ஆரோவில் நகரம் தொடங்கப்பெற்றது. அன்று 124 நாடுகளின் மண் கொணரப்பட்டு ஒரு தாழியில் இடப்பெற்றது. அக்காலந் தொட்டுப் பல தேயத்து இளைஞர் பயிற்சிக்கும் தொண்டுக்குமாக வந்து சின்னாள் தங்கிச் செல்கின்றனர். மிதிவண்டியில் எங்கள் தெருவழியே வந்து, நல்ல தேநீர் எங்குக் கிடைக்கும், கடற்கரைக்கு எவ்வழி செல்லவேண்டும் என்று வினவுவர். சிறுவயதில் யானும் என் தோழரும் அவரைச் சூழ்ந்துநின்று வேடிக்கை பார்த்ததுண்டு. இட்டிலியைக் கையால் எடுத்துண்ணத் தெரியாது அவர் இடர்ப்படுதல் கண்டு நகைத்ததுமுண்டு. வந்தவன் ஒருவனுக்கு ஊர் எவ்வாறு தோன்றும் என்பதை அன்று யான் எண்ணிப் பார்த்திலேன். சென்னையில் யானே வந்தவன் ஆகியபோதுதான் அஃது எனக்கு விளங்கிற்று.

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சற்றேறக்குறைய 150 கிலோமீட்டர் கடந்து, திருவான்மியூரில் இறங்கி, திருவல்லிக்கேணியை அடைந்தேன். மணமாகாத இளைஞர் பலர் நெருங்கி வாழும் மேன்ஷன்கள் அப்பகுதியில் மிகுதி. அவற்றுள் ஒன்றில் மூவர் தங்கும் அறையில் எனக்கு ஒரு கட்டில் கிடைத்தது. என் தந்தையார் கொத்து வேலை செய்பவர். அவர் கொடுத்தனுப்பிய தொகையில் வாடகை போக எஞ்சியதைப் பங்கிட்டுப் பார்த்தபோது, நாளொன்றுக்கு 150 ரூபாய் வந்தது. முதல் வாரத்திலேயே உடன் பயிலுவோர் என்னைக் குளிரூட்டிய உணவகம் ஒன்றற்கு அழைத்துச் சென்றனர். மறுக்க நாணி உடன் சென்றேன். என் பங்காக வந்தது 640 ரூபாய். அதன் பின்னர் அவர் அழைக்குந்தோறும் வயிறு சரியில்லை என்று பொய் கூறினேன். இரவில் ரொட்டித் துண்டும் தண்ணீருமே உணவாயின. நான்காம் இரவு, ஊருக்குத் திரும்பிவிடுவதென்று பெட்டியைக் கட்டினேன். அறையில் உடனிருந்தவர் அரசுத் தேர்வுக்குப் படிக்கும் மதுரைப் பக்கத்து அண்ணன் ஒருவர். அவர் என் பெட்டியை நோக்கி, “பட்டணத்தை விலைக்கு வாங்க வந்தாயா தம்பி, இருந்து பார்க்க வந்தாயா?” என்று கேட்டார். மறுநாட் காலை என்னை உடனழைத்துச் சென்றார்.

உண்டி

அவர் முதலிற் காட்டியது மாநகராட்சியின் அம்மா உணவகம். இவ்வுணவகங்கள் 2013-ஆம் ஆண்டிற் சென்னையில் தொடங்கப்பெற்றன. தொடங்கியபோது இட்டிலி ஒன்று 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர்ச் சாதம் 3 ரூபாய் என விலை வகுத்தனர். பெண்கள் குழுவாகச் சேர்ந்து சமைத்துப் பரிமாறுகின்றனர். சீட்டுப் பெற்று, தட்டேந்தி, நின்றவாறே உண்ணல் வேண்டும். அலுவலகத்தார் எவரேனும் காண்பரோ என்று முதல்நாள் தூணின் மறைவில் நின்று உண்டேன். வரிசையில் எனக்கு முன் நின்றவர் சாயமடிக்கும் தொழிலாளர். பின் நின்றவர் கழுத்துப்பட்டை அணிந்த விற்பனையாளர். இருவரும் தத்தம் வேலைக்கு விரைந்தனரேயன்றி என்னை நோக்கினாரல்லர். மூன்றாம் நாள் தூணை விட்டு வெளியே வந்தேன்.

பொருள் சிறிது மிஞ்சிய நாளில் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையிலுள்ள ரத்னா கபேக்குச் செல்வோம். 1948-இல் வடநாட்டிலிருந்து வந்த ஒருவரால் நிறுவப்பெற்ற அவ்வுணவகம், தென்னாட்டு இட்டிலிக்கும் சாம்பாருக்கும் பேர் பெற்றது வியப்பன்றோ! இட்டிலி மூழ்கும்படி சாம்பாரை ஊற்றுவர். தீர்ந்தால் மீண்டும் ஊற்றுவர். இரண்டு இட்டிலி வாங்கிய மாணவன் அச்சாம்பாரால் ஒரு வேளைப் பசியை முற்றும் ஆற்றிக்கொள்ளலாம்.

பாரிமுனையை அடுத்த செகண்டு லைன் பீச்சுத் தெருவில் மாலையில் விற்கும் அத்தோ என்பது வேறு வகை. பர்மாவில் 1962-இல் இராணுவ ஆட்சி ஏற்பட்டு, 1964-இல் வாணிகம் அரசுடைமை ஆக்கப்பட்டபோது, அங்குத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழர் பல்லாயிரவர் உடைமைகளை விட்டுக் கப்பலேறித் தாயகம் வந்தனர். அவர் பிழைப்புக்கென 1969-இல் அப்பக்கத்திற் பர்மா பஜார் ஏற்பட்டது. அவருடன் வந்த உணவே அத்தோ. வேகவைத்த நூடுல்சுடன் முட்டைக்கோசு, வெங்காயம், பொரித்த பூண்டு, புளிநீர், மிளகாய்ப்பொடி ஆகியவற்றைச் சேர்த்துக் கையாலேயே பிசைந்து, மொறுமொறுப்பான வடையை நொறுக்கியிட்டுத் தருவர். பக்கத்தில் வாழைத்தண்டுச் சாறு ஒரு கிண்ணம் வைப்பர். ஊரும் பொருளும் இழந்து வந்தவர் ஒரு தள்ளுவண்டியைக் கொண்டு மீண்டும் வாழ்வு தொடங்கிய வரலாறு அத்தட்டில் உள்ளது. பழமொழியின் மெய்ப்பொருளை யான் அங்கேதான் உணர்ந்தேன்.

உணவிடம் தேர்வதற்கு அறை அண்ணன் கூறிய முறை இரண்டு. வண்டியோட்டுநரும் கூலியாளரும் கூடுமிடத்தில் உண்க. ஏனெனில், அங்குப் பண்டம் நெடுநேரம் கிடப்பதில்லை. கண்ணெதிரே அடுப்பிலிருந்து இறக்கியதையே உண்க.

பருகுவன

அக்கினி நட்சத்திர நாட்களில் உணவினும் நீரே முதன்மை. காய்ச்சி ஆறிய நீரைக் குப்பியில் எடுத்துச் செல்லுதல் நன்று. தெருவில் கரும்புச்சாறு பருகுவோர், பனிக்கட்டி வேண்டாமென்று முன்னரே கூறிவிடுக. சாற்றினும் பனிக்கட்டியின் நீரே நோய்க்குக் காரணமாதல் மிகுதி. மோரும் இளநீரும் யாண்டும் கிடைக்கும். மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தருகே பத்திரிகை விற்கும் காளத்தி கடையில் ரோஸ் மில்க் பெயர் பெற்றது. விடுமுறை நாளில் குளத்தைச் சுற்றிவந்து அதைப் பருகினோம்.

ஆயினும் எனக்கு உவப்பானது நுங்கே. எங்கள் தெருமுனையில் ஒரு முதியவர் பனங்காய்களைக் குவித்துச் சீவிக்கொண்டிருப்பார். ஒருநாள், “தம்பிக்கு எந்த ஊர்?” என்று வினவினார். “வானூர்ப் பக்கம், குயிலாப்பாளையம், ஐயா” என்றேன். “அட, நம்ம பக்கத்துப் பிள்ளையா! இந்தக் காய் மரக்காணத்துக் காய்தான்” என்று கூறி, ஒரு சுளையைக் கூடுதலாக என் கையில் வைத்தார். திண்டிவனம், மரக்காணம் பக்கத்துத் தர்பூசணியும் நுங்கும் சென்னை மக்களின் தாகத்தைத் தணிக்கின்றன என்பதை அதுவரை யான் கருதியதில்லை. அந்நாள் முதல் அத்தெருமுனையைக் கடக்குந்தோறும் என்னை அறிந்த ஒருவர் இந்நகரில் உளர் என்னும் எண்ணம் உண்டாயிற்று. பிரிந்து வாழ்வார்க்கு அதனினும் பெரிய ஆறுதல் இல்லை.

குளிர்நீர் எளிதிற் கிடைக்கும் இக்காலத்தார், கடற்கரைச் சாலையிலுள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்தைக் காணுதல் வேண்டும். 1842-இல் அமெரிக்க வணிகர் பிரடெரிக் டூடர் என்பாரின் பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக அது கட்டப்பெற்றது. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் மாரிக்காலத்தில் ஏரிகள் உறைந்துவிடும். அப்பனியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளிற் பொதிந்து, ஆப்பிரிக்காவைச் சுற்றிவரும் பாய்க்கப்பல்களில் ஏற்றி அனுப்பினர். வெப்பம் ஊடுருவாதபடி மரத்தூள் தடுத்தமையால், மாதக்கணக்கான கடற்பயணத்திலும் பெரும்பகுதி கரையாது வந்தது. பின்னர் இந்நாட்டிலேயே பொறிகொண்டு பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் அவ்வாணிகம் நின்றது. 1897-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் அம்மனையில் ஒன்பது நாள் தங்கினார். இதுபோழ்து அது விவேகானந்தர் இல்லம் எனப்படுகின்றது.

உலா

இனி, உலவத்தக்க இடங்களைக் கூறுவாம். சென்னையில் தொலைவு ஒரு தடையன்று. கடற்கரைக்கும் தாம்பரத்துக்குமிடையே 1931-ஆம் ஆண்டு முதல் மின்சார ரயில் ஓடுகின்றது. மாதச்சீட்டுப் பெற்றால் செலவு மிகக் குறையும்.

எழும்பூரிற் பாந்தியன் சாலையில் ஒரே வளாகத்தில் கன்னிமரா நூலகமும் அரசு அருங்காட்சியகமும் உள்ளன. நூலகம் 1896-இல் திறக்கப்பெற்றது. 1954-ஆம் ஆண்டின் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகள் வந்து சேரவேண்டிய நான்கு நூலகங்களுள் இஃதொன்று. அருங்காட்சியகம் 1851-இல் தோன்றியது, வெள்ளிக்கிழமைகளில் மூடப்படும். அமராவதிப் பளிங்குச் சிற்பங்களும் திருவாலங்காட்டு நடராசர் படிமமும் அங்குள. அப்படிமத்தின் ஒளிப்படங்களைக் கண்ட பிரெஞ்சுச் சிற்பி ரோடேன் அதனை வியந்து எழுதிய கட்டுரை 1921-இல் வெளியாயிற்று. பாரிசு நகரத்துப் பெருங்கலைஞர் படத்தில் மட்டும் கண்டதனை, நாம் ஒரு சிறு கட்டணத்தில் நேரே நின்று காணலாம்.

கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகம் மாணவர்க்கு ஒரு புகலிடம். சொந்தப் புத்தகங்களைக் கொண்டுசென்று படிப்பதற்கும் அங்குத் தனியிடம் உண்டு. வெப்பம் மிக்க ஞாயிறுகளில் அறையிற் புழுங்குவதை விடுத்து, யானும் அண்ணனும் அங்கேயே பகற்பொழுதைக் கழித்தோம். பயிற்சிக்குரிய கணக்குகளை யான் பிழையறக் கற்றதும் அங்கேதான்.

மாலையில் மெரினாக் கடற்கரை. தேங்காய், மாங்காய், பட்டாணி சேர்ந்த சுண்டற் பொட்டலம் ஒன்றுடன் மணலில் அமர்ந்தால் செல்வனும் வறியனும் அங்கு வேறல்லர். சாலையோரத்தில் நால்வர் சேர்ந்து ஒரு பாறையைப் பெயர்க்கும் உழைப்பாளர் சிலை நிற்கின்றது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி படைத்த அது 1959-இல் நிறுவப்பெற்றது. அம்மனிதரின் முதுகுத் தசையைக் காணுந்தோறும் என் தந்தையாரை நினைத்தேன். 640 ரூபாய் அவருக்கு எத்தனை பொழுது வேலை என்பதையும், வெறுங்கையோடு திரும்பியிருந்தால் அவர் யாதும் கூறியிராது வாளாவிருந்திருப்பார் என்பதையும் நினைத்தேன்.

பயிற்சி முடிந்து ஊர் திரும்பினேன். மறுநாள் எங்கள் தெருவில் அயல்நாட்டு இளைஞர் ஒருவர் மிதிவண்டியை நிறுத்தி, தேநீர்க் கடைக்கு வழி வினவினார். முன்னெல்லாம் கையை நீட்டித் திசை காட்டிவிட்டுப் போவதே என் வழக்கம். அன்று அவருடன் நடந்து சென்று, நாங்கள் வழக்கமாகப் பருகும் கடையைக் காட்டி, ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அவர் இட்டிலியும் கேட்டார். எப்படி எடுத்துண்பது என்று கற்பித்தேன்.

ஆதலின், மாணவ நண்பர்களே! கோடைப் பயிற்சிக்குச் செல்வோர் கைப்பொருள் குறைவென்று அஞ்சற்க. இல்லாததை உள்ளதுபோற் காட்ட முயன்று அல்லலுறற்க. உணவகமும், நூலகமும், ரயிலும், கடலும் நமக்கு முன் வந்த எளியோர் பலர்க்கு இடங்கொடுத்துள்ளன. நமக்கும் கொடுக்கும். முதல் வாரம் மட்டும் பெட்டியைக் கட்டாதிருத்தல் வேண்டும்.